ஸ்கூக்கம் என்று சொன்னவன்

சைலஸ் கையுறையைக் கழற்றினால்தான் அந்த மலையில் வேலை தொடங்கும். மழை கொட்டட்டும், மேஸ்திரி ஹோல்ம் தொண்டை கிழியக் கத்தட்டும், ஒருவனும் அசைய மாட்டான். ரம்பக்காரர்களும் மரத்துக்குச் சுருக்குப் போடுகிறவர்களும் ஆணி பதித்த பூட்சுகளோடு சேற்றில் நின்றபடி சைலஸின் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மரத்தை இழுக்கிற நீராவி எந்திரத்துக்கு அங்கே கழுதை என்று பெயர். அதை ஓட்டுகிறவன் டொய்வோ, பின்லாந்துக்காரன். அவன் உருளையை மெல்ல மெல்லச் சுழற்ற, கட்டைவிரலைவிடத் தடித்த இரும்பு வடம் சைலஸின் வெறும் உள்ளங்கை வழியாக ஊர்ந்து போகும். உழைத்துத் தேய்ந்த வடத்தில் இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொள்ளும். அங்கொன்று இங்கொன்று என்றால் பாதகமில்லை. ஒரே இடத்தில் கொத்தாகத் தட்டினால் அந்த இடத்தில் வடம் உள்ளுக்குள் செத்துவிட்டது என்று பொருள். கரியும் எண்ணெயும் சேறும் அப்பிக் கிடப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வடம் முழுக்கப் போனதும் சைலஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஸ்கூக்கம்" என்பான். டொய்வோ ஊதலை இழுப்பான். மலை விழித்துக்கொள்ளும்.

அதோடு முடியாது. முதல் மரம் மேலே வரும்போது, சொன்னவன் வடத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டும். முன்பு எவனோ ஒருவன் படுக்கையைவிட்டே எழாமல், "எல்லாம் ஸ்கூக்கம்தான், போங்கடா" என்று சொல்லி இரண்டு உயிர் போயிற்றாம். அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. சொன்னவன் நிற்கட்டும், அப்புறம் நாங்கள் நிற்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் மரத்தைத் தாங்கிய வடம் சாப்பாட்டு வேளைவரைக்கும் தாங்கும் என்று எந்தச் சாமி வந்து சொன்னது என்பதை மட்டும் ஒருவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில், கிரேஸ் துறைமுகத்துக் காடுகளில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. திடமான காப்பி ஸ்கூக்கம். எதிராளியின் பல்லை உதிர்த்த குத்துச்சண்டைக்காரன் ஸ்கூக்கம். பாலமோ நாயோ பெண்டாட்டியோ, எதுவானாலும் மற்றதைவிட ஒசத்தி என்று சொல்ல அந்த ஒரே சொல்தான். ஆங்கிலம் பேசுகிறவன் அதை ஆங்கிலம் என்று நினைத்தே சொன்னான். சாப்பாட்டுக் கூடத்தில் அதன் பிறப்பைப் பற்றி அடிக்கடி ரகளை நடக்கும்.

"அது எங்க சுவீடன் வார்த்தைடா," என்பான் ஹோல்ம். "எங்கப்பா வாய்ல வராத நாளே கெடையாது."

"ஒங்கப்பா வாய்ல எதுதான் வரல?" என்பான் டொய்வோ. "சைலஸண்ணனக் கேளு. அவங்க ஆளுங்க வார்த்தை."

சைலஸ் அப்பத்தின் மேல் பாகை ஊற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பதில் சொல்வான். "வியாபாரப் பேச்சு. தோல் வாங்க வந்தவனும் விக்கிறவனும் பேசிக்கிட்டது. பலம்னு அர்த்தம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. சைலஸ் சிஹேலிஸ் என்கிற செவ்விந்தியக் குடியைச் சேர்ந்தவன், ஆற்று முகத்துவாரத்தில் பிறந்தவன். அந்தச் சொல் பாராட்டாவதற்கு முன்னால் ஒரு பெயராக இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். காட்டின் மேற்புறத்தில் இருக்கிற ஒன்றின் பெயர். அது எப்படி இருக்கும் என்று அவன் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். மூடுபனி காற்றுக்கு எதிராக நகர்ந்தால் அது நடக்கிறது என்பார்கள், அதற்குமேல் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதற்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் இல்லை என்பதால், பலமுள்ள எதைக் கண்டாலும் அதன் பெயரைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோல் வாங்க வந்தவர்கள் பயத்தை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அதைக் காப்பிக்கு வைத்தார்கள்.

சைலஸின் மனைவி எட்னாவும் அந்த முகத்துவாரத்துக்காரிதான். அவள் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழையக் கூடாது. கல்யாணமான புதிதில், மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு அவன் வாய் தவறிச் சொன்னதற்கு, சட்டியையே தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

"கூப்புட்டா யாரு கூப்புடறதுன்னு பாக்க வரும்யா," என்றாள். "நீ தெனம் காலையில மலை உச்சியில நின்னு கத்துற. அதுக்குக் காது இல்லன்னு நெனச்சியா?"

"அது என் வேலைடி. நல்லாருக்குன்னு சொன்னா ஒருத்தனும் நகர மாட்டேங்கறான். அந்த வார்த்தைதான் வேணுங்கறான்."

"நல்லாருக்குறதுக்கு நல்லாருக்குன்னு சொல்லத் தெரியாத ஜென்மங்க."

எட்னா அதை 'அது' என்று மட்டும்தான் குறிப்பிடுவாள். மகள் ஐவி சின்னப் பெண்ணாக இருந்தபோது, மூடுபனி சன்னலை வந்து மூடும் சாயங்காலங்களில் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, "அம்மா, அது வந்திருக்கு" என்பாள். "கதவத் தொறக்காத" என்பாள் எட்னா, உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல். பாதி விளையாட்டு, பாதி விளையாட்டில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. சைலஸின் கை முகாமுக்கு முகாம் பேர் வாங்கியது. அவனைவிட நன்றாக மரம் வெட்டுகிறவர்கள், ஏறுகிறவர்கள், குடிக்கிறவர்கள் இருந்தார்கள். வடம் பார்க்க அவனை விட்டால் ஆளில்லை. செவ்விந்தியன் என்று மற்ற இடங்களில் பின்வரிசையில் உட்கார வைத்தவர்கள், இங்கே அவன் கையுறையைக் கழற்றும்வரை தொப்பியைக்கூடத் தொடமாட்டார்கள். அந்த நிமிஷம் அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், நிற்கிற நிலையிலேயே தெரியும்.

ஐவியை வெர்னன் கட்டினான். சுருக்குப் போடுகிற வேலை அவனுக்கு. வெட்டி விழுந்த மரத்தின் கழுத்தில் கம்பியை மாட்டிவிட்டு விலகுவது. வடத்துக்கு அடியிலேயே நாள் முழுக்க ஓடுகிற வேலை அது. வாய் ஓயாத பையன், மாமனாரைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"மாமா, ஒங்க கைய எனக்கு எழுதி வச்சிருங்க. இதுக்குக் குடுக்குற மரியாத என் மூஞ்சிக்குக்கூட இல்ல."

"மூஞ்சியப் பாத்தா எவன்டா மரியாத குடுப்பான்?" என்பான் சைலஸ். பெற்ற பிள்ளையைப் போல அவன்மேல் உயிராக இருந்தான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியை சைலஸ் துணியில்லாமல் வலது கையால் தூக்கினான். தூக்கி, நிதானமாக மேசைக்குக் கொண்டுபோனான். பன்றிக்கறி கருகுகிறது என்று நினைத்தாள் எட்னா. சட்டியில் கறியே இல்லை.

அவள்தான் சட்டியைத் தட்டிவிட்டாள். அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது வேறு யாருடையதோ போல முழித்தான்.

"எப்பலேருந்துய்யா?"

"குளிர்ல மரத்துப்போயிருக்கு. சரியாயிரும்."

"எப்பலேருந்து?"

"எலை உதுந்தப்பவே," என்றான் கடைசியில். விரல்களில் தொடங்கி மெல்ல உள்ளே வந்ததாம். முதலில் சட்டைப் பொத்தான் தெரியவில்லை, பிறகு முள் தெரியவில்லை. எட்னா அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கே போயி ஹோல்ம்கிட்டச் சொல்லிடு."

"சொன்னா? சனிக்கெழம ரயில்ல ஏத்திடுவான். இல்ல, சமையக்கட்டுல தட்டு கழுவச் சொல்லுவான். நான் தட்டு கழுவுறத அந்தப் பசங்க பாக்கணுமா?"

"ஒம் மருமவன் அந்த வடத்துக்குக் கீழதான்யா நிக்கிறான்!"

"எனக்குத் தெரியாதா? முதல்ல நான்தான நிக்கிறேன்? கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணால பாத்துக்குறேன். ஐவிக்குக் கொழந்த பொறக்கட்டும், அன்னிக்கு நானே எறங்கிடுறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. எனக்காக."

எட்னா வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண்பிள்ளை, மனசு உறுத்த உறுத்தக் காத்திருந்தாள். அவள் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்குச் சொல்வது எளிது.

சைலஸ் விடிவதற்கு முன்பே மலையேறத் தொடங்கினான். பருத்தித் துணியைச் சுற்றி, எட்டுகிற தூரம்வரை வடத்தைத் தடவுவான். முள் இருந்தால் துணியை இழுக்கும். ஆனால் உருளையில் சுற்றிக் கிடக்கிற மிச்சத்தைத் துணியால் பார்க்க முடியாது, எல்லாரும் வந்த பிறகு வெறும் கைதான். அங்கே கையை வைத்துக்கொண்டு கண்ணால் தேடுவான். ஒரு வாரம் போயிற்று, பிறகு ஒரு மாதம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமலே போகப் போக, நடக்காது என்று அவனே நம்பத் தொடங்கினான்.

வசந்தத்தில் ஒரு காலை டொய்வோ உருளையை நிறுத்திவிட்டுக் குனிந்தான்.

"அண்ணே, வடத்துல ரத்தம்."

வடத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாகப் படிந்திருந்தது. சைலஸ் கையைப் பார்த்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது கிழிந்தது என்று அவனுக்கே தெரியாது.

"முந்தாநாள் பட்ட காயம். பிரிஞ்சிருச்சு போல," என்று கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

"கழுதை புல்லு திங்கும், தெரியும். வடம் ரத்தம் குடிக்கிறத இப்பத்தான் பாக்குறேன்," என்று டொய்வோ சிரித்தான். அவன் சிரிப்பு பாதியிலேயே நின்றது. சைலஸின் முகத்தில் வலி இல்லை. காயம் பட்டவன் முகத்தில் வலி இருக்க வேண்டாமா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் அவன் ஊதலை இழுத்தான்.

அந்த வாரமே ஹோல்ம் வந்து கேட்டான். "சைலஸு, இந்த வடம் கோடைவரைக்கும் வருமா? புதுசு வரவழைக்கணும்னா இப்பவே சொல்லு. நீ வேணும்னா நான் வாங்குறேன், நீ வேணாம்னா வேணாம்."

வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எங்கே கெட்டிருக்கிறது, காட்டு என்று கேட்டால் காட்டக் கை இல்லை. "ஸ்கூக்கம்," என்றான் சைலஸ். ஹோல்ம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அந்த நாள் விடிந்தபோது மூடுபனி மலையை இடுப்புவரை விழுங்கியிருந்தது. ஆட்கள் கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள். கையுறையைக் கழற்றினான் சைலஸ். வடம் ஊர்ந்தது. அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், ஈரமும் கரியும்தான் தெரிந்தது. பாதி வடம் போயிருக்கும், அவன் கை தானாக ஒரு துள்ளு துள்ளி இறங்கியது.

அவனுக்கு வலிக்கவில்லை, உறைக்கவும் இல்லை. கை மேலே போய்க் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்தான், அவ்வளவுதான். ஏதோ ஒன்று அடியிலிருந்து அதைத் தூக்கிவிட்டிருக்கிறது. சேறா, மரப்பட்டையா, கொத்தாக முள்ளா? டொய்வோவிடம் பின்னால் சுற்று என்று சொன்னால் போதும். ஆனால் பின்னால் சுற்றி, மறுபடி கை வைத்து, மறுபடி ஒன்றும் தெரியாமல் நிற்பதை அத்தனை பேரும் பார்ப்பார்கள். வடம் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, சீக்கிரம் சொல்லுங்க," என்று கீழிருந்து குரல் கொடுத்தான் வெர்னன். "குளுருல எங்காலு ரெண்டும் சொந்தம் கொண்டாட மாட்டேங்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். வடத்தின் நுனி கையைத் தாண்டியது.

"ஸ்கூக்கம்," என்றான் சைலஸ்.

மலை அந்தச் சொல்லைத் திருப்பித் தந்தது. எப்போதும் உடனே தருகிற மலை, அன்று கொஞ்சம் பொறுத்துத் தந்தது போல அவனுக்கு இருந்தது. ஊதல் கத்தியது. அவன் போய் வடத்துக்கு அடியில் நின்றான். அறுந்தால் இப்போதே அறுந்துவிடு என்று மனசார வேண்டிக்கொண்டான், அதில் பொய்யில்லை. முதல் மரம் சேற்றை வாரியிறைத்தபடி வந்து சேர்ந்தது. வடம் நூல் பிடித்த மாதிரி நின்றது. அவன் விலகினான், மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெரிய தேவதாரு அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. டொய்வோ ஆவியைக் கூட்டினான். கழுதை முனகியது, பூமி அதிர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், பெரிதாக ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது என்று. அறுந்த வடம் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு சுழன்றது. மற்றவர்கள் குப்புற விழுந்தார்கள். வெர்னன் மட்டும் அடுத்த சுருக்குக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான்.

சைலஸ்தான் முதலில் ஓடினான். மருமகனின் முகத்தை மடியில் வைத்து, கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். சூடு இருக்கிறதா, போய்விட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. டொய்வோ வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அப்போதுதான் தெரிந்தது.

ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கு முதல் காப்பி ஊற்றினார்கள். "நீயே அடியில நின்னியே, நாங்க பாத்தமே," என்றான் ஹோல்ம். "ஒன் கைய மீறி நடந்தது. விதி." கட்டுப்பாடு அவனைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டது. சொன்னவன் நின்றான், கணக்குத் தீர்ந்தது.

அடக்கம் நடந்த இடத்தில் ஐவி நிறைமாத வயிற்றோடு நின்றாள். மண் விழுகிற நேரத்தில் அப்பாவின் வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சைலஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிடித்தது அவனுக்குத் தெரியவே இல்லை. "அப்பா," என்றாள் அவள் மெல்ல. "எங்கைய ஒரு தடவ அழுத்தக்கூட மாட்டீங்களா?" அவன் குனிந்து, தன் கைக்குள் மகள் கை இருப்பதைப் பார்த்தான். எட்னா அதைப் பார்த்தாள். அன்றே மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை புது வடம் வந்தது. பளபளவென்று, எண்ணெய் வாசனையோடு. ஆட்கள் பழையபடி சேற்றில் நின்று அவன் கையைப் பார்த்தார்கள். வெர்னன் நிற்கிற இடத்தில் வேறொருவன் நின்றான், புதிதாகக் கல்யாணமானவன். சைலஸ் கையுறையைக் கழற்றினான். வடத்தின் பக்கம் போகவில்லை. கழுதையின் அடுப்புக் கதவு சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு வாடை வந்தது. அவன் முகம் சலனமில்லாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. டொய்வோதான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான்.

"அண்ணே... அன்னிக்கு அந்த ரத்தம்..."

"ஆமா."

"எத்தன நாளா?"

"எலை உதுந்ததுலேருந்து."

ஒருவன் அடிக்கக் கையை ஓங்கினான், ஹோல்ம் தடுக்கவில்லை. ஓங்கியவன் சைலஸின் வெந்த கையைப் பார்த்துவிட்டுத் தானாகவே இறக்கிக்கொண்டான். அவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். எவனும் அவனுக்கு முதுகைக் காட்டவில்லை. காட்டில் எதிர்ப்பட்ட ஒன்றிடமிருந்து விலகுகிற மாதிரி, முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள்.

அவன் மலையிறங்குவதற்குள் செய்தி இறங்கிவிட்டது. மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம், மூடுபனி வேலிவரை வந்திருந்தது. வலது கையில் டொய்வோ சுற்றிவிட்ட எண்ணெய்த் துணி. தட்டுவதற்கு அந்தக் கையைத்தான் தூக்கினான், பழக்கம். கதவில் பட்டதா என்று தெரியாமல் இன்னும் பலமாகத் தட்டினான்.

ஐவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். உள்ளே அடுப்பங்கரையில் எட்னா உருளைக்கிழங்கு உரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் ஐவி, தலையைத் திருப்பாமல். "அது வந்திருக்கு."

உரிக்கிற சத்தம் நின்றது. அவன் காத்திருந்தான். எட்னா வெளியே வருவாள் என்று அவன் நினைத்திருக்கலாம்.

"கதவச் சாத்து," என்றாள் எட்னா.